நடுவில் இருந்த பழைய வயர்

தம்பி, அப்பா எழுதுகிறேன். இதை அம்மா உன் கையில் தருவாள். என் எழுத்தைக் கண்டதும் மடித்து வைத்துவிடாதே. இருபத்துமூன்று நாட்களாக நீ என் அழைப்பை எடுக்கவில்லை. அம்மாவோடு மட்டும் இரண்டு வசனம் கதைத்துவிட்டு, என் பெயர் வந்தவுடன் வைத்துவிடுகிறாய். அதில் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் தகுதியும் இல்லை. ஆனால் வருகிற வியாழக்கிழமை உன்னைப் பலெர்மோவுக்குக் கூப்பிட்டு மறுபடி விசாரிக்கப் போகிறார்கள். அதற்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும். தபாலை நம்ப எனக்குத் துணிவில்லை. அதனால்தான் இடுப்பு வலியோடு இருக்கிற அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி உன்னிடம் அனுப்புகிறேன். நடந்தவற்றில் பாதி உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதியையும் நீ என் வாயால் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எரிந்த சுவரைப் பார்த்து நீயாகவே தெரிந்துகொண்டாய். ஆகவே எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதுகிறேன்.

நான் எப்படிப்பட்ட வயர்காரன் என்பதில் இருந்து தொடங்க வேண்டும். மன்னாரில் கோயில் பெருநாட்களுக்கு மின்குமிழ் கட்டப் போய்ப் பழகியதுதான் என் படிப்பு. இங்கே இத்தாலிக்கு வந்த பிறகு காலையில் ஒரு வயோதிபருக்குச் சவரம் செய்து, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுப்பது என் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களின் வீடுகளில் சுவிட்ச் மாற்றுவேன், அடுப்புக்கு லைன் இழுப்பேன். பங்குக் கோயில் வாசலில் யாராவது "வயர் அண்ணை, ஒருக்கா வீட்டுப் பக்கம் வாங்கோ" என்று கூப்பிட்டால், அன்று முழுவதும் என் நடையே மாறிவிடும். மற்ற ஆறு நாளும் அடுத்தவர் வீட்டில் தலையாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த ஒரு பெயர்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பெயரை யாரும், நீயும்கூட, தொட விடக்கூடாது என்று நான் பல வருடங்களாகப் பிடிவாதமாக இருந்தேன்.

உனக்குப் பதினேழு வயதில் சீசா பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் அம்மாவுக்குக் கரண்ட் அடித்தது. நீ அப்போது தொழில்நுட்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். சுவர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் சிரித்தபடி, "அப்பா, நீங்கள் எர்த் வயரைக் குடுக்கவே இல்லையே, சும்மா மடிச்சு உள்ளுக்க விட்டிருக்கிறியள்" என்றாய். நான் உன்னை அறைந்தேன். "நாலு புத்தகம் படிச்சவுடனை எனக்குப் படிப்பிக்க வாறியோ?" என்று கத்தினேன். அடுத்த நாள் நீ பள்ளிக்குப் போன பிறகு, நீ சொன்னபடியே அந்த வயரைக் கொடுத்துப் பெட்டியை மூடினேன். நீ சொன்னது சரி என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ சொன்னது சரி, தம்பி. அன்று நான் அதை ஒத்துக்கொண்டிருந்தால், பிறகு நடந்தது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். உன் முன்னால் பிழைவிட்டவனாக நிற்க அன்றே பழகியிருப்பேன்.

நீ படித்து முடித்து, இரண்டு கம்பனிகளில் வேலை செய்து, கடைசியில் உன் பெயரிலேயே பதிவும் எடுத்தாய். ஒரு வீட்டு மின்வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது என்று கையெழுத்து வைத்துத் தாள் கொடுக்கிற உரிமை உனக்குக் கிடைத்தது. அந்த முத்திரையை நீ மேசையில் வைத்துக் காட்டிய அன்று அம்மா அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. இனிமேல் என் வேலைக்கும் உன் கையெழுத்துத்தான் வேண்டும் என்ற முள் அது.

பிறகுதான் அன்ரனும் அவன் மனைவி றெஜினாவும் என்னிடம் வந்தார்கள். அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால், மேல்மாடி வீடு. எரிவாயு இணைப்பு இல்லை. மாரி தொடங்கினால் சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும். குழந்தை பிறந்து நாலு மாதம், இருமல் விட்டபாடில்லை. அன்ரன் வேலை செய்யும் வீட்டுக்காரர் தன் கடற்கரை வில்லாவை விற்றபோது அங்கிருந்த மின்சார உலை ஒன்றைக் கழற்றி அவனுக்குக் கொடுத்திருந்தார். உன் தோள் உயரத்துக்கு ஒரு வெள்ளை இரும்புப் பெட்டி. உள்ளே கம்பிச் சுருள்கள் சிவந்து எரியும், விசிறி அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியாக அறைகளுக்குத் தள்ளும். றெஜினா என்னிடம், "அண்ணை, பிள்ளையின்ர அறைக்காவது சூடு வந்தால் போதும்" என்றாள். நான் உடனே, "ஒரு கிழமையில எரிய வைக்கிறன்" என்று வாக்குக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு.

நீ வந்து பார்த்தாய். மூன்று சுருளில் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டோடு ஓட்டினால் போதும் என்றாய். மின் கம்பனியில் சொல்லி வீட்டுக்கு வரும் கரண்டின் அளவைக் கூட்டுவித்தாய். மீற்றர் பெட்டியில் இருந்து உலை வரைக்கும் ஆறு மில்லிமீற்றர் வயர் தனியாகப் போக வேண்டும், கரண்ட் மிஞ்சினால் தானாக விழுகிற, அதற்கு ஏற்ற முப்பத்திரண்டு அம்பியர் பிரேக்கர் போட வேண்டும், நடுவில் எங்கும் ஒட்டு இருக்கக் கூடாது என்று படம் கீறித் தந்தாய். போகும்போது வாசலில் நின்று, "அப்பா, சுவருக்குள்ள கிடக்கிற பழைய வயரைத் தொட வேண்டாம். அது குளியலறைத் தண்ணிச் சூடாக்கிக்குப் போட்டது. இதைத் தாங்காது" என்று இரண்டு தரம் சொன்னாய். அந்தக் கிழமை உனக்கு ட்ராப்பானியில் வேலை. நான் தனியாகச் செய்வதாகச் சொன்னேன்.

முதல் நாள் உலையைத் தளத்தில் இறுக்கினேன், தகரக் குழாய்களைப் பொருத்தினேன், பிரேக்கரைப் போட்டேன். இரண்டாம் நாள் நடையின் சுவரைத் துளைக்கத் தொடங்கினேன். முழங்கை நீளத் தடிப்புள்ள கல். அரைமணி நேரத்தில் என் வலது தோள் செத்துப்போனது. வயருக்கான புதுக் குழாய் ஒன்பது மீற்றர் போக வேண்டும், நான் ஒரு மீற்றர்கூடப் போகவில்லை. குழந்தை அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தது. றெஜினா தேத்தண்ணி கொண்டு வந்து, "இண்டைக்கு முடிஞ்சிடுமோ அண்ணை?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, முடியும்" என்றேன். தோள் ஏலாது, நாலு நாள் பிந்தும், மகன் வந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. அவள் போன பிறகு அந்தப் பழைய வயரின் ஒரு முனையில் ஒரு மீற்றர் புது வயரை ஒட்டினேன். மறு முனையிலும் ஒரு மீற்றர் ஒட்டினேன். ஒட்டு இரண்டையும் சுவர்ப் பெட்டிகளுக்குள் தள்ளி மூடினேன். மீற்றர் பெட்டியில் பார்த்தாலும் தடித்த புது வயர். உலையின் பக்கம் பார்த்தாலும் தடித்த புது வயர். நடுவில் கிடந்தது அதில் பாதிகூட இல்லாத பழையது. இரண்டு முனையையும் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். தெரியாமல் செய்ததாக உன்னிடம் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். இரண்டு சுருளோடு ஓடுகிற உலை அப்படி ஒன்றும் கரண்டை இழுத்துவிடாது என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

நீ விடவில்லை. வட்ஸ்அப்பில் குரலாகக் கேட்டாய்: "அப்பா, நடுவிலையும் இதே வயர்தானே? ஒட்டு ஒண்டும் இல்லையே?" நானும் குரலாகவே பதில் அனுப்பினேன்: "ஓம் தம்பி, முழுக்கப் புதுசுதான். நீ சைன் பண்ணு." நீ கையெழுத்து வைத்தாய். சொந்தத் தகப்பன் சொன்னதை நம்பி வைத்தாய். அன்று பின்னேரம் உலை எரிந்தது. அன்ரன் வீட்டில் எல்லோரும் காற்று வரும் வாயில் கையை நீட்டிச் சிரித்தார்கள். அன்ரன் குழந்தையின் தொப்பியைக் கழற்றினான். நான் மாலை போட்டுக்கொண்டவன் போல நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் அது எரிந்தது. பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை. எப்படி விழும்? நீ எழுதிக் கொடுத்த பிரேக்கர் தடித்த வயருக்கானது. சுவருக்குள் மெல்லிய வயர் கொதிப்பது அதற்குத் தெரியாது. ஜனவரியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், குழந்தையின் அறையில் மர அலுமாரிக்குப் பின்னால் இருந்த ஒட்டு எரியத் தொடங்கியது. றெஜினா குசினியில் இருந்தாள். ஓடி வந்து பார்த்தபோது அலுமாரி பற்றி எரிகிறது, குழந்தையின் தொட்டில் அதற்கு அந்தப் பக்கம். எரிந்துகொண்டிருந்த அலுமாரிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டுத்தான் அவள் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குப் போராடியது. உயிர் தப்பியது. றெஜினாவின் இரண்டு உள்ளங்கையும் வெந்து போய்விட்டன. சட்டை மினுக்கிச் சமைத்துப் பிழைத்த கைகள். இன்றுவரை அவளால் ஒரு கரண்டியைப் பொத்திப் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் நீ என்னைச் சுவர்ப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாய். அதற்கு முன் எரிந்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாய். நீ அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ மெதுவாகத்தான் கதைத்தாய்.

"அப்பா, நான்தான் செய்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீ?"

"உங்கட பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான பேப்பர், புதுப்பிக்கக் குடுத்தது இன்னும் குவெஸ்துராப் பொலிஸில கிடக்கு. நீங்கள் வாயைத் திறந்தால் நீங்களும் அம்மாவும்தான் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டி வரும். நான் இஞ்சை பிறந்து சிட்டிசன்ஷிப் எடுத்தவன், என்னை எங்கையும் அனுப்பேலாது. நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த உணர்வு என்ன தெரியுமா? நிம்மதி. எத்தனை தடவை மனதைக் கழுவிப் பார்த்தாலும் அது போகவில்லை. உள்ளே ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது, முன்னால் என் மகன் தன் வாழ்க்கையை எடுத்து என் காலடியில் வைக்கிறான், எனக்கோ நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. தலையாட்டினேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தொலைபேசியை எடுத்து, நாம் இருவரும் கதைத்த அந்தக் குரல் செய்திகளை அழித்தேன். உன்னைக் காப்பாற்ற அல்ல. என்னைக் காப்பாற்ற.

அதற்குப் பிறகு உன்னிடம் இருந்து ஒவ்வொன்றாகப் போயின. பரிசோதிக்க வந்த நிபுணர் முனைகள் தடிப்பு, நடு மெல்லியது என்று கண்டுபிடித்து, இது தவறுதலாக நடந்ததல்ல, ஏமாற்று வேலை என்று எழுதினார். உன் பதிவை நிறுத்தி வைத்தார்கள். வேலை கொடுத்தவர்கள் கூப்பிடுவதை விட்டார்கள். கோயிலில் நீ இருக்கும் வாங்கில் பக்கத்தில் இருக்க ஆள் இல்லை. நான் பின்வாங்கில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து உன் பக்கத்தில் வந்து இருக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. ஒருநாள் உன் கருவிப் பெட்டியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, "இனி இது எனக்குத் தேவையில்லை" என்று அம்மாவிடம் சொல்லி வடக்கே போய்விட்டாய்.

போன சனிக்கிழமை கபோ சந்தையில் றெஜினாவைக் கண்டேன். கையுறை போட்டிருந்தாள். மரக்கறிக்காரர் பையை அவள் முழங்கையில் கொளுவிவிட்டார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவள்தான் கூப்பிட்டாள்.

"அண்ணை, ஜூட் எப்பிடி இருக்கிறான்? அவன் போறதுக்கு முதல் எங்கட வீட்டை வந்து நிலத்தில இருந்து அழுதவன். நான் கோபத்தில வெளியில போ எண்டு கலைச்சுப்போட்டன். இப்ப நினைச்சால் ஒரு மாதிரி இருக்கு."

நீ அங்கே போனது எனக்குத் தெரியாது, தம்பி. நீ செய்யாத பிழைக்கு அவள் காலடியில் இருந்து அழுதிருக்கிறாய். மீன் கடைத் தண்ணீர் ஓடுகிற அந்த ஒழுங்கையில் நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துளைக்க ஏலாமல் போனதை, ஒட்டியதை, படம் எடுத்து அனுப்பியதை, பொய் சொன்னதை. அவள் திட்டவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் கையுறைக் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இதை எனக்கு ஏன் அண்ணை சொல்லுறியள்? சொல்ல வேண்டிய இடம் இது இல்லையே. அந்தப் பெடியனை அழ விட்டுப்போட்டு நீங்கள் எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பின்னேரமே அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குப் பேப்பர் வேணும் எண்டதுக்காகவோ என்ர பிள்ளையைக் குடுத்தனீங்கள்?" அதோடு விடாமல், "எனக்கு இந்த நாடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவனைத் திருப்பித் தாங்கோ" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு கதைத்தது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டது மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை, விசாரணை நடத்துகிற பொலிஸ் மரெஷால்லோவிடம் போனேன். என் இத்தாலியன் எவ்வளவு என்று உனக்குத் தெரியும்; இருந்தும் யாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வயரை நான்தான் ஒட்டினேன், மகன் அன்று ட்ராப்பானியில் இருந்தான், அவனிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, "உங்கள் மகன் மூன்று தடவை நான்தான் என்று சொல்லியிருக்கிறான். இப்போது தகப்பன் வந்து நான்தான் என்கிறார். நானும் தகப்பன்தான், இதைத்தான் செய்திருப்பேன். ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார். ட்ராப்பானியில் நீ வேலை செய்த இடத்தைச் சொன்னேன். விசாரிப்பதாகச் சொன்னார், ஆனால் அது கணக்கில் காட்டாமல் நீ நின்ற வேலை, யார் வந்து சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. குரல் செய்தி பற்றிச் சொன்னேன். "காட்டுங்கள்" என்று கையை நீட்டினார். என் தொலைபேசியில் ஒன்றும் இல்லை. நானே அழித்தேன் என்று சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வியாழக்கிழமை நீ பழையபடியே சொன்னால், என் வாக்குமூலத்தை மகனைக் காப்பாற்ற வந்த ஒரு கிழவனின் கதை என்று ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் உன் பெயரில் எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். நான் போய்க் கேட்ட வக்கீலும் அதையேதான் சொன்னார்.

அந்தக் குரல் இப்போது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, உன் தொலைபேசியில். நீ அழித்திருப்பாயோ என்று நினைத்து நினைத்து மூன்று நாட்களாக என்னால் சோறு விழுங்க முடியவில்லை. அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நீ எந்தத் தாளையும் எறியாத பிள்ளை.

உனக்கு அறிவுரை சொல்லுகிற தகப்பன் என்ற இடத்தை நான் இழந்துவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல விடு. உன் கண்ணால் பார்க்காத வேலைக்கு இனி ஒருநாளும் கையெழுத்து வைக்காதே. கேட்பது யாராக இருந்தாலும், உன்னைத் தூக்கி வளர்த்தவனாக இருந்தாலும், சுவரைத் திறந்து காட்டு என்று சொல். அவன் கோபிப்பான், கத்துவான். கத்தட்டும். நீ மறுபடியும் இந்த வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் கருவிப் பெட்டியை அம்மா கொண்டு வருகிறாள். பாரமாக இருக்கிறது, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

என்னை அனுப்பினால் அனுப்பட்டும். பெர்மெஸ்ஸோ கிடைக்காமல் போகலாம், தண்டனை வரலாம். எல்லாவற்றையும் வக்கீல் சொல்லிவிட்டார். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மிகவும் பயமாக இருக்கிறது. ஆனால் நீ சொல்கிற பொய்யின் நிழலில் நான் இங்கே இருந்து சாப்பிடுகிற ஒவ்வொரு நாளும் அதைவிடப் பயமாக இருக்கிறது. என்னைக் காப்பாற்றாதே, தம்பி. கும்பிட்டுக் கேட்கிறேன். நீ செய்தது போதும், அதற்கு மேல் தாங்க எனக்குச் சக்தி இல்லை.

வியாழக்கிழமை மரெஷால்லோ முன்னால் இரு. அவர் கேட்க முன்னரே தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து, அந்தக் குரலைப் போட்டுவிடு. தமிழில் இருக்கிறதே, இது யார், என்ன சொல்கிறார் என்று கேட்பார். இது என் அப்பா என்று சொல். பொய் சொல்கிறார் என்று சொல்.